பட்டம் வாங்கிய பிறகும் சொரோரிட்டி உறவு தொடருமா?

டெக்சாஸில் முதலாண்டு படிக்கும் உங்கள் மகள் சொரோரிட்டியில், அதாவது அமெரிக்கக் கல்லூரிகளில் கிளைகள் வைத்து இயங்கும் மாணவியர் சங்கம் ஒன்றில், சேர விரும்புகிறாள். இது நான்கு வருடப் பழக்கம் அல்ல, வாழ்நாள் உறவு என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். கட்டணமோ மலைக்க வைக்கிறது. படித்து முடித்துப் போன பெண்கள் உண்மையிலேயே தொடர்பில் இருக்கிறார்களா, புதிதாகச் சேரும் பெண்களுக்கு ஏதாவது செய்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. உறவினர் யாரும் பக்கத்தில் இல்லாத ஊரில் மகளுக்கு ஓர் இக்கட்டு வந்தால், இந்தப் பெண்களில் யாராவது வந்து நிற்பார்களா? நிற்பார்கள். ஆனால் சங்கத்தின் பெயரையும் பழமையையும் பார்த்து அதை நம்பிவிட முடியாது. உங்கள் மகள் சேரும் கல்லூரிக் கிளையைச் சுற்றி, அதே ஊரில், எத்தனை மூத்த பெண்கள் சம்பளம் வாங்காமல் உழைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

நான் அமெரிக்காவில் படித்த காலத்தில் பழைய சொரோரிட்டி ஒன்றில் சேர்ந்தேன். வேலைக்குப் போன பிறகு பல ஆண்டுகள் ஒரு கல்லூரிக் கிளையின் நிதி ஆலோசகராக இருந்தேன். இப்போது எங்கள் நகரத்து முன்னாள் உறுப்பினர் மன்றத்தில் இருக்கிறேன். எனவே தேசிய பான்ஹெலனிக் மாநாடு என்ற கூட்டமைப்பில் இருக்கும் சொரோரிட்டிகளின் நடைமுறையை உள்ளே இருந்து அறிவேன். கறுப்பினப் பெண்களின் சொரோரிட்டிகளையும் தெற்காசியப் பெண்கள் தொடங்கியவற்றையும் தோழிகள் மூலமாகவும் சேர்ந்து செய்த பணிகள் மூலமாகவுமே அறிந்திருக்கிறேன்.

தொடர்பு என்று அவர்கள் சொல்வது ஒன்றல்ல. தேசிய அலுவலகம் உறுப்பினர் பட்டியலை வைத்திருக்கும், பத்திரிகை அனுப்பும், பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாநாடு நடத்தும். இது மெல்லிய இழை. இதனால் யாருடைய வாழ்க்கையும் மாறிவிடாது. அடுத்தது கிளைக்குள்ளேயே உண்டாகும் வம்சாவளி. புதிதாகச் சேரும் பெண்ணுக்கு 'பிக்' என்று ஒரு மூத்த மாணவியைத் துணைக்குக் கொடுப்பார்கள். அவளுக்கும் ஒரு 'பிக்' இருப்பாள். அந்த மேல்வரிசையில் சிலர் ஏற்கெனவே வேலையில் இருப்பார்கள். இப்படிப் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு 'குடும்பம்' உண்டாகிறது. சங்கத்தின் கூட்டங்களுக்கே வராத பெண்கள்கூட இந்தக் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் விழித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பட்டம் வாங்கியவர்களோடு உங்கள் மகளுக்கு ஏற்படும் முதல் பழக்கம் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வரும். மூன்றாவது, நகரங்களில் இயங்கும் முன்னாள் உறுப்பினர் மன்றம். ஹூஸ்டன், டாலஸ் போன்ற ஊர்களில் பெரும்பாலான சங்கங்களுக்கு இது உண்டு. எந்தக் கல்லூரியில் படித்தவராக இருந்தாலும், அந்தச் சங்கத்தின் உறுப்பினர் என்றால் உள்ளே வரலாம். சந்தா அதிகமில்லை, எனக்குத் தெரிந்த மன்றங்களில் ஆண்டுக்கு நூறு டாலரைத் தாண்டுவது அபூர்வம். மாதம் ஒரு சந்திப்பு, நிறுவனர் நாள் விருந்து, தேர்வு வாரத்தில் கல்லூரிக் கிளைக்கு உணவுப் பொட்டலங்கள் என்று போகும். வெவ்வேறு சங்கங்களின் முன்னாள் உறுப்பினர்கள் ஒன்றுகூடி நடத்தும் நகரப் பான்ஹெலனிக் குழுக்கள் பல ஊர்களில் இருக்கின்றன. அவை கல்வி உதவித்தொகை கொடுப்பதும், பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கும் தாய்மார்களுக்கும் விளக்கக் கூட்டம் நடத்துவதும் உண்டு. அப்படி ஒரு கூட்டம் உங்கள் பக்கத்தில் நடந்தால் தயங்காமல் போய் உட்காருங்கள்.

விருந்தும் தேநீரும் மட்டும் ஒரு மன்றத்தை நீண்ட நாள் தாங்காது என்பது என் கருத்து. கூடிச் செய்ய ஒரு வேலை இருந்தால்தான் பெண்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். பை பீட்டா ஃபை வரலாற்றில் இது தெளிவாகத் தெரிகிறது. 1867இல் இல்லினாய் மாநிலத்தின் மன்மத் கல்லூரியில் தொடங்கிய சங்கம் அது. 1893இல் எம்மா ஹார்ப்பர் டர்னர் என்ற உறுப்பினரின் முயற்சியால் படிப்பை முடித்தவர்களுக்கென்று அதில் தனி அமைப்பு உருவானது. அந்தப் பெண்கள் நிறுவனர் நினைவாக ஏதாவது செய்ய வேண்டும் என்று விரும்பினார்கள். சிலை வைக்கவில்லை, டென்னசி மலைப்பகுதியில், அப்போது சாலை வசதிகூடச் சரியாக இல்லாத கேட்லின்பர்க் என்ற சிற்றூரில், 1912இல் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். பிறகு அங்கே மருத்துவ வசதி வந்தது. மலைவாழ் பெண்கள் நெய்த துணிகளையும் முடைந்த கூடைகளையும் நாடெங்கும் இருந்த முன்னாள் உறுப்பினர் மன்றங்கள் வாங்கி விற்றுக் கொடுத்தன. அந்த இடம் இன்று ஏரோமான்ட் என்ற கைவினைப் பள்ளியாக இயங்குகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் தொலைபேசியே அரிதான காலத்தில், ஒருவரையொருவர் பார்த்தே இராத பெண்களை இணைத்து வைத்தது அந்தப் பள்ளிக்கூடத்தின் கணக்கு வழக்கும் கடிதப் போக்குவரத்தும்தான்.

நீங்கள் கேட்ட உதவி உண்மையில் பிறக்கும் இடம், கல்லூரிக் கிளையின் ஆலோசகர் குழு. வெளியே இருப்பவர்கள் கண்ணில் இது படுவதே இல்லை. இருபது வயதுப் பெண்கள் நூற்றுக்கணக்கான உறுப்பினர்களையும் பெரிய தொகைகளையும் நிர்வகிக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நிதிக்கு ஒருவர், படிப்புக்கு ஒருவர், புது உறுப்பினர்களுக்கு ஒருவர் என்று முன்னாள் உறுப்பினர்கள் நிற்கிறார்கள். சங்கத்துக்கு உறுப்பினர்கள் தங்கும் வீடு இருந்தால், அதை நடத்தும் வீட்டுக் குழுவிலும் இவர்களே இருப்பார்கள்: கூரை ஒழுகுவது, தீயணைப்புக் கருவி, காப்பீடு, சமையல்காரர் சம்பளம் எல்லாம் அவர்கள் தலையில். நான் நிதி ஆலோசகராக இருந்தபோது ஒரு மாணவியின் தந்தைக்குப் பருவத்தின் நடுவில் வேலை போய்விட்டது. அவள் யாரிடமும் சொல்லாமல் விலகல் கடிதம் எழுதிக்கொண்டு வந்தாள். கட்டணத்தைத் தவணையாக மாற்றினோம், அடுத்த பருவத்துக்கு அறக்கட்டளை உதவிக்கு விண்ணப்பிக்க வைத்தோம். அவள் கூடப் படித்த பெண்களுக்கு இது தெரியவே தெரியாது. அப்படித் தெரியாமல் பார்த்துக்கொள்வதும் எங்கள் பொறுப்பு. வேறொருத்தி ஒரு மாதமாக வகுப்புக்கே போகவில்லை. புது உறுப்பினர் ஆலோசகராக இருந்த அம்மையார் ஓய்வுபெற்ற செவிலியர். அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பல்கலைக்கழகத்தின் மனநல மையத்துக்குத் தானே அழைத்துப்போய் முதல் நாள் வெளியே காத்திருந்தார். வாழ்நாள் உறவு என்று எங்கள் சங்கத்தில் எதையாவது காட்டச் சொன்னால் அந்த அம்மையாரைத்தான் காட்டுவேன்.

பண உதவிக்கு முறையான ஏற்பாடுகளும் உண்டு. பெரும்பாலான பெரிய சங்கங்கள் தனியாக ஓர் அறக்கட்டளை வைத்திருக்கின்றன. முன்னாள் உறுப்பினர்களின் நன்கொடை அங்கே போகிறது, கல்வி உதவித்தொகையாகவும் அவசர உதவியாகவும் திரும்பி வருகிறது. கப்பா கப்பா காமாவில் ரோஸ் மெகில் நிதி என்று ஒன்று 1922 முதல் இருக்கிறது. நோயாலோ திடீர் வறுமையாலோ தவிக்கும் உறுப்பினருக்கு, மாணவியாக இருந்தாலும் பட்டம் வாங்கியவராக இருந்தாலும், உதவுவதற்காக ஏற்பட்டது. இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். அறக்கட்டளைக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு உண்டு; நீங்கள் கட்டும் உறுப்பினர் கட்டணத்துக்குக் கிடையாது. இரண்டின் கணக்கும் வெவ்வேறு. எனவே உங்கள் கட்டணம் எதற்கெல்லாம் போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். ஒழுங்காக நடக்கும் கிளை எதுவும் இதைக் கேட்டதற்காக முகம் சுளிக்காது.

வேலை கிடைக்குமா என்பதுதான் பெற்றோர் அதிகம் கேட்பது. இதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது குறைவு. நான் பார்த்தது இவ்வளவுதான்: சுயவிவரக் குறிப்பைத் திருத்திக் கொடுப்பார்கள், தாங்கள் இருக்கும் துறையைப் பற்றி அரை மணி நேரம் மனம் திறந்து பேசுவார்கள், நேர்முகத் தேர்வுக்கு வேற்றூர் போகும் பெண்ணுக்கு ஓர் இரவு தங்க இடம் கொடுப்பார்கள், புது ஊரில் எந்தப் பகுதியில் தனியாக வீடு எடுக்கலாம், எந்தப் பகுதி வேண்டாம் என்று சொல்வார்கள். முன்பின் தெரியாத பெண் என்றாலும் இதெல்லாம் கிடைக்கிறது. அதற்கு மேல், 'எங்கள் சகோதரிகள் வேலை வாங்கித் தருவார்கள்' என்று யாராவது உறுதி சொன்னால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். தொடர்பால் வேலை கிடைத்த பெண்கள் எனக்குத் தெரிந்தவர்களிலேயே இருக்கிறார்கள். அவர்கள் அந்தத் தொடர்பு இல்லாமலும் முன்னுக்கு வந்திருக்கக்கூடியவர்கள் என்பதால், எது எதற்குக் காரணம் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

இதுவரை சொன்னது பான்ஹெலனிக் மாநாட்டுச் சங்கங்களின் உலகம். அங்கே மாணவப் பருவம்தான் மையம். அதன் பிறகு வருவது விருப்பப்பட்டால் தொடரும் பின்பகுதி. கறுப்பினப் பெண்களின் சொரோரிட்டிகளில் இது நேர்மாறு. அவற்றில் மூத்தது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1908இல் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 1913இல் அதே பல்கலைக்கழகத்தில் 22 மாணவிகள் டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கி, அதே ஆண்டு மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தார்கள். 1920இல் ஸீட்டா ஃபை பீட்டாவும் ஹோவர்டில் பிறந்தது. 1922இல் இண்டியானாபொலிஸில் ஏழு பள்ளி ஆசிரியைகள் சிக்மா காமா ரோவைத் தொடங்கினார்கள். இந்தச் சங்கங்களில் பட்டதாரிக் கிளைகளுக்குத்தான் எடை அதிகம். கல்லூரி நாட்களில் சங்கத்தில் சேராத பெண் பட்டம் வாங்கிய பிறகு நேராகப் பட்டதாரிக் கிளையில் சேரலாம். நாற்பது, ஐம்பது வயதில் சேருபவர்கள் உண்டு. மாணவிகள் கிளையைக் கண்காணிப்பதும் புது உறுப்பினர் சேர்க்கையில் உடனிருப்பதும் பட்டதாரிக் கிளையின் கடமை. சந்தா எங்களுடையதைவிடக் கணிசமாக அதிகம். எதிர்பார்க்கும் உழைப்பும் அதிகம்.

அதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. வங்கியும் மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் கதவைச் சாத்திய காலத்தில் அந்தப் பெண்களுக்கு வேறு துணை இல்லை. 1935 முதல் 1942 வரை ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைச் சேர்ந்த மருத்துவர்களும் செவிலியர்களும் ஆசிரியைகளும் கோடைதோறும் மிசிசிப்பிக்குப் போய்ப் பருத்தித் தோட்டக் கூலிகளின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். மருத்துவர் டாரதி ஃபெரபி தலைமையில் நடந்த அந்தப் பணியில், கூலியாட்கள் முகாமுக்கு வருவதைத் தோட்ட முதலாளிகள் விரும்பவில்லை என்பதால் மருந்துப் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்கே போனார்கள். இந்த மரபின் வலிமையை நம் காலத்திலும் பார்த்தோம். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 1986இல் ஹோவர்டில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தவர். 2020 தேர்தலில் அவர் துணை அதிபர் வேட்பாளரானபோது, சங்கம் பிறந்த ஆண்டைக் குறிக்கும் விதமாக 19 டாலர் 8 சென்ட் என்ற தொகை நாடெங்கிலும் இருந்து நன்கொடையாக வந்து குவிந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த ஒரு பெண்ணுக்காக, அவரைப் பார்த்தே இராத பாட்டிகளும் மாணவிகளும் சொல்லி வைத்தாற்போல் ஒரே தொகையை அனுப்பினார்கள்.

உங்கள் மகள் தெற்காசியச் சங்கங்களையும் பார்க்கக்கூடும். டெக்சாஸ் அவற்றுக்குத் தாய்வீடு. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெல்டா ஃபை ஒமேகா, ஆஸ்டினில் கப்பா ஃபை காமா, நியூயார்க்கில் சிக்மா சிக்மா ரோ ஆகிய மூன்றும் 1998இல் பிறந்தவை. தொடங்கிய பெண்களுக்கே இப்போதுதான் ஐம்பது வயது நெருங்குகிறது. ஆகவே மாளிகை போன்ற வீடும் பெரிய அறக்கட்டளையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் கிளை சிறியது என்பதால் மூத்தவர்கள் பெயரோடு அறிமுகமாகிறார்கள். வீட்டில் ஒரு மொழி, வெளியே ஒரு மொழி என்று வளர்ந்து, மருத்துவம் வேண்டாம் என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தவித்து, அதைக் கடந்து வந்த அக்காமார்கள் அங்கே இருக்கிறார்கள். எங்கள் சங்கத்தில் எவ்வளவு அன்பானவர்களிடமும் இதை முதலில் இருந்து விளக்கியாக வேண்டியிருந்தது. சிறிய கிளைக்கு ஒரு பலவீனமும் உண்டு: ஓர் ஆண்டில் ஆள் குறைந்தால் கிளையே தள்ளாடும், ஆலோசகர் ஒருவர் ஊர் மாறினால் அந்த இடம் காலியாகவே கிடக்கும்.

மூத்தவர்களின் கை நீண்டிருப்பது எப்போதும் நன்மைக்கே என்று சொல்ல மாட்டேன். 2013 செப்டம்பரில் அலபாமா பல்கலைக்கழக மாணவர் இதழான கிரிம்சன் ஒயிட், சேர்க்கையின்போது கறுப்பின மாணவி ஒருவரை எடுக்க மாணவிகள் விரும்பியும் முன்னாள் உறுப்பினர்கள் சிலர் தலையிட்டுத் தடுத்ததாகச் செய்தி வெளியிட்டது. வளாகத்தில் ஊர்வலம் நடந்தது. பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர் தலையிட்டு மறுபடியும் சேர்க்கையைத் திறக்க வைத்தார். அதன் பிறகு கறுப்பின மாணவிகள் சிலர் சேர்ந்தார்கள். மாணவிகள் மாறத் தயாராக இருந்தபோது மூத்தவர்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது என்னைப் போன்றவர்களை வெட்கப்பட வைத்தது. 2020க்குப் பிறகு பல சங்கங்கள் உறுப்பினர்களின் மகள், தங்கை ஆகியோருக்கு இருந்த முன்னுரிமையை எடுத்துவிட்டன. உங்கள் குடும்பத்தில் யாரும் இதற்கு முன் சேர்ந்ததில்லை என்பதால் இது உங்களுக்கு நல்லதே.

அடுத்தது, புதியவர்களைத் துன்புறுத்தும் ஹேசிங். எல்லாச் சங்கங்களும் எழுத்தில் இதைத் தடை செய்திருக்கின்றன. சேர்வதற்கு முன் புதியவர்களைச் சோதனைக் காலத்தில் வைக்கும் பழைய பிளெட்ஜ் முறையையே கறுப்பினச் சங்கங்கள் 1990இல் கைவிட்டன. ஆனாலும் அது எங்கேயும் இல்லை என்று நான் சொன்னால் பொய். என் அனுபவத்தில் இதற்குச் சிறந்த காவல், நினைத்த நேரத்தில் வந்து போகும் ஆலோசகர். மூத்தவர் யாரும் எட்டிப் பார்க்காத கிளையில்தான் 'எங்களுக்குச் செய்ததை உங்களுக்குச் செய்கிறோம்' என்ற பேச்சு வளர்கிறது. ஆராய்வதற்கு வழியும் இருக்கிறது. ஹேசிங் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட அமைப்புகளின் விவரத்தை வெளியிட வேண்டும் என்று டெக்சாஸில் 2019இலேயே சட்டம் வந்தது. 2024 டிசம்பரில் நாடு முழுவதற்குமான சட்டமும் கையெழுத்தானது. மகளின் பல்கலைக்கழக இணையதளத்தில் அந்த அறிக்கையைத் தேடிப் படியுங்கள்.

உறவு அறுந்துபோவது எப்போது என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு அறுந்துதான் போகிறது. பட்டம் வாங்கிய முதல் ஆண்டு மிகவும் ஆபத்தானது. புது ஊர், புது வேலை, கல்விக் கடன். மன்றத்தின் சந்திப்புகளோ வாரநாள் மதியம் அறுபது வயதுக்காரர்களோடு. இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு நின்றுவிடுவாள். எங்கள் மன்றத்தில் அந்த வயதினருக்கு முதல் ஆண்டு சந்தாவை நீக்கி, மாலையில் தனிச் சந்திப்பு வைத்தோம். ஒவ்வொருவருக்கும் ஒருவர் தொலைபேசியில் பேசி அழைத்தோம். பொது மின்னஞ்சலுக்கு அசையாதவர்கள் அந்த அழைப்புக்கு வந்தார்கள். இன்னொரு கூட்டம் குழந்தைகள் வளர்ந்த பிறகு, நாற்பதுகளில், திரும்பி வருகிறது. ஆலோசகர்களாக நிலைப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. சேர்க்கை வாரத்தில் காட்டப்படும் பாட்டையும் அலங்காரத்தையும் வைத்து எதையும் எடை போட வேண்டாம். இந்தக் கிளைக்கு எத்தனை ஆலோசகர்கள், அவர்கள் கடைசியாக எப்போது வந்தார்கள், கட்டணம் கட்ட முடியாமல் போன உறுப்பினருக்கு என்ன ஏற்பாடு, போன ஆண்டு பட்டம் வாங்கியவர்களில் இருவரோடு பேச முடியுமா என்று உங்கள் மகளே கேட்கட்டும். பதில் சொல்லும் மாணவி ஆலோசகரின் பெயரைத் தயங்காமல் சொல்கிறாளா என்று கவனிக்கச் சொல்லுங்கள். பெயர் உடனே வாயில் வந்தால் அந்த ஆலோசகர் அங்கே வந்து போகிறவர் என்று பொருள். பான்ஹெலனிக் மாநாட்டுச் சங்கங்களில் ஒன்றைத்தான் அவள் நினைக்கிறாள் என்றால், சேர்க்கையின் கடைசி நாளில் விருப்பப் பட்டியலில் கையெழுத்து வாங்குவார்கள். தன் பட்டியலில் எழுதிய சங்கம் அழைத்த பிறகு மறுத்தால், அந்த வளாகத்தில் அடுத்த ஆண்டின் முதன்மைச் சேர்க்கை வரை அந்தக் கூட்டமைப்பின் சங்கங்களில் வேறொன்றில் சேர முடியாது. முழு உறுப்பினராகும் சடங்கு முடிந்துவிட்டால் பிறகு எந்தக் காலத்திலும் அவற்றில் இன்னொன்றுக்கு மாற முடியாது. எனவே இந்தக் கேள்விகளை அந்தக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடச் சொல்லுங்கள். கட்டண விவரத்தை நீங்களும் அதற்குள் வாங்கிப் படித்துவிடுங்கள்.